ஒன்பதாம் வகுப்பின் பட்ஜெட்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிதித்துறைக்குப் போனதும் அக்காவுக்கான ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டாயா?

ஒன்பதாம் வகுப்புக்குப் பொருளாதாரப் பெருமந்தம் நடத்துகிறேன். ஓர் அரசாங்கம் கடன் வாங்கியாவது பாலம் கட்டி வேலை கொடுத்தது, இன்னொன்று செலவைச் சுருக்கியது என்றால் கொட்டாவி விடுகிறார்கள். இத்தனைக்கும் மில் மூடியதிலிருந்து பாதிப் பேரின் அப்பாக்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். அதனால் வகுப்பையே மந்திரிசபை ஆக்கப்போகிறேன். கடைசி பெஞ்சு வாயாடிதான் நிதியமைச்சர்! எதை வெட்டுவது என்று நீங்கள் நிஜமாக எப்படி முடிவு செய்வீர்கள்? புத்தகத்தில் இல்லாததைச் சொல்.

உன் அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு வந்து சேர்ந்தது. வேலை கழுத்தை நெரிக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

என் பெயரைச் சொல்லாமல் சொல்லிக்கொடு. கணக்கெல்லாம் அப்புறம்தான். எதை வெட்டினால் யார் கத்துவார்கள் என்றுதான் முதலில் பார்ப்போம். ஆஸ்பத்திரியைத் தொட்டால் டாக்டர்கள் தெருவுக்கு வருவார்கள். போலீஸைத் தொடவே முடியாது. "சத்தம் கம்மியா வர்ற எடத்துல கத்திய வைப்பா" என்பார் எங்கள் மேலதிகாரி. சிரிக்காதே, இதுதான் நடைமுறை.

மூட்டுவலிக்கு டாக்டரிடம் போனாயா? பேசாமல் எங்கள் பக்கமே மாற்றலாகி வந்துவிடேன்.

உன் தம்பி

பிப்ரவரி 20

தம்பி,

அவசரமாக எழுதுகிறேன். கிறுக்கலைப் பொறுத்துக்கொள்.

நேற்று மந்திரிசபை கூடியது. வாயாடி மேஜையைத் தட்டி எல்லோரையும் அடக்கினாள். ஆஸ்பத்திரி வேண்டாம், போலீஸ் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார்கள். பிறகு அவள், "சின்ன பள்ளிக்கூடத்த மூடுனா யாரு கத்துவா?" என்றாள். "யாருமில்ல!" என்று ஒரே கூச்சல். "அப்ப நம்ம பள்ளிக்கூடந்தான். நம்ம வீட்டுல எல்லாரும் வேலை தேடி அலையறாங்க, கத்த எங்க நேரம்?" கை தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "டீச்சர், உத்தரவு வந்துருச்சு. இந்த வருஷத்தோட நம்ம பள்ளிய மூடறாங்க."

வாயாடி, "டீச்சர், நான் சும்மா வெளையாட்டுக்குத்தான சொன்னேன்?" என்று ஓவென்று அழுதுவிட்டாள். தன்னால்தான் வந்தது என்று நினைக்கிறாள், அறியாப் பிள்ளை!

அடுத்த பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பஸ் கிடையாது. இனி மகளை அனுப்பமாட்டேன் என்று வாயாடியின் அம்மா இன்று சொல்லிவிட்டாள்.

உனக்கு இது தெரியாது என்று ஒரே ஒரு வரி எழுது. எனக்கு அது போதும்.

அக்கா

பிப்ரவரி 27

அக்கா,

தெரியும். உன் பள்ளியை மூடலாம் என்று மேலே குறிப்பு எழுதியதே நான்தான்.

ஏதாவது ஒரு பள்ளியை மூடியே ஆகவேண்டும் என்றார்கள். மற்ற இடங்களில் மறியல் செய்வார்கள், கோர்ட்டுக்குப் போவார்கள். உன் பள்ளியில் எதிர்த்து நிற்கக்கூடியவள் நீ ஒருத்திதான். சின்ன வயதிலிருந்து நான் எது செய்தாலும் நீ என்னை விட்டுக்கொடுத்ததில்லை. இதிலும் விட்டுக்கொடுக்கமாட்டாய் என்று நம்பிவிட்டேன்.

என் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் உனக்கு இடம் சொல்லிவைத்திருக்கிறேன். மன்னித்து வந்துவிடு.

தம்பி

மார்ச் 6

தம்பி,

படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாவி, நான் உன்மேல் வைத்த பாசத்தையா கணக்கில் சேர்த்தாய்! இன்னும் நம்ப முடியவில்லை.

அந்த இடம் எனக்கு வேண்டாம். பெற்றோர்கள் வழக்குப் போடுகிறார்கள். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இனி எனக்கு எழுதாதே.

வாயாடியைக் கூப்பிட்டு, "இது உன்னால வந்ததில்லடி. முடிவு பண்ணினவன் என் தம்பி" என்று சொன்னேன்.

"அவருக்கு உங்களப் புடிக்காதா டீச்சர்?" என்று கேட்டாள்.

"ரொம்பப் புடிக்கும்" என்றேன்.

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை