ரூலின் அத்தை கொடுத்த வெள்ளை அட்டை

அன்பு மகள் ஃபென்னாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், அதைத்தான் காலையில் எழுந்ததும் முதலில் நினைத்துக்கொள்கிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு பரவாயில்லை, அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் ஈரம் அடிக்கும்போது வந்துவிட்டுப் போகிறது. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் இந்தக் கடிதம் முழுக்க அதுதான். போன வாரம் உனக்குப் போனில், வுப்போ மாமா கூப்பிட்டால் என் கடிதம் வரும்வரை எதுவும் பேசாதே என்று ஒரு வரி அனுப்பினேன். நீ பயந்துபோய், அம்மா யாருக்கு என்ன ஆச்சு என்று திரும்பத் திரும்பக் கேட்டாய். உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று இரண்டு முறை போனைக் கையில் எடுத்தேன், வாய் வரவில்லை. எழுதினால் நடுவில் அழுதாலும் உனக்குத் தெரியாது, அதனால் எழுதுகிறேன். யாரும் சாகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்து படி.

நான் வியாழக்கிழமை மத்தியானங்களில் தேவாலயத்துக் கூடத்துக்கு வாழ்த்து அட்டை செய்யப் போவது உனக்குத் தெரியும், நீயே கிண்டல் பண்ணுவாய், இத்தனை அட்டை யாருக்கம்மா என்று. ரூலின் அத்தையும் மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தாள். மாமாதான் காரில் கொண்டுவந்து விடுவான், அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவான், பிறகு வெளியே காரிலேயே பேப்பர் படித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். முடிந்ததும் வந்து அவள் செய்த ஒவ்வொரு அட்டையையும் கையில் எடுத்து, திறந்து, உள்ளே எழுதியிருப்பதைப் படித்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியில் வைப்பான். எங்களோடு அட்டை செய்யும் டீனி பெருமூச்சு விடுவாள், "என் வீட்டுக்காரருக்கு நான் அட்டை செய்யறேனா அடுப்பு செய்யறேனான்னே தெரியாது, நீ குடுத்து வச்சவடி" என்பாள். என் தம்பியைப் பற்றி அப்படிச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா. அவனை எட்டு வயசிலிருந்து வளர்த்தவள் நான்.

போன வருஷம் வசந்தத்தில் கூடத்தில் எல்லோருக்கும் ஒரு வேலை சொல்லிக் கொடுத்தேன். நிறமே இல்லாத மைப் பேனாவால் வெள்ளைக் காகிதத்தில் எழுத வேண்டும், ஈரம் காய்வதற்குள் நிறமில்லாத பொடியைத் தூவித் தட்டிவிட வேண்டும், எழுத்தில் ஒட்டிக்கொண்டது மட்டும் நிற்கும். அதன்மேல் சூடான காற்றை ஊதினால் பொடி உருகி மேடாகிப் பளபளக்கும். ஆனால் வெள்ளையில் வெள்ளை, நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்புறம் அட்டை முழுக்க வர்ண மையைத் தேய்த்தால் மேடான இடத்தில் மட்டும் மை பிடிக்காது, எழுத்து வெள்ளை வெளேரென்று எழுந்து நிற்கும். ரூலின் அன்றைக்கு மூன்று தடவை என்னைத் திரும்பக் காட்டச் சொன்னாள். தேய்க்கும்வரை கண்டிப்பாகத் தெரியாதா அண்ணி, வெளிச்சத்தில் பிடித்தால்கூடவா என்று கேட்டாள். சாய்த்துப் பிடித்தால் தெரியும், அதுவும் நம்மைப் போல் கைபழகியவர்களுக்குத்தான் என்றேன். அத்தோடு விட்டேனா, "எத்தன வாட்டிடி காட்டறது, மண்டைய வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா" என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

செப்டம்பரிலிருந்து அவள் கூடத்துக்கு வருவது நின்றுபோனது. மணிக்கட்டு வலி என்று மாமா சொன்னான். போன் போட்டால் அவன்தான் எடுப்பான், அவளுக்கு ஏமாற்றுக்காரர்கள் போன் பண்ணுகிறார்களாம், அதனால் தானே வைத்திருக்கிறானாம். நான் அதையும் நம்பினேன். நவம்பரில் என் அறுபத்தைந்தாவது பிறந்தநாளுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். வீடு கொள்ளாத கூட்டம், வழக்கம்போல் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு எல்லோரும் மடியில் கேக் தட்டோடு உட்கார்ந்திருக்கிறோம். மாமா ஒரு உறையை என்னிடம் நீட்டி, "அக்கா, இந்த வருஷம் இவளால இவ்வளவுதான் முடிஞ்சுது, நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்றான். உள்ளே ஒரு வெறும் வெள்ளை அட்டை. பூ இல்லை, முத்திரை இல்லை, ஓரத்தில் ஒரு கோடுகூட இல்லை. திறந்தால் மாமாவின் கையெழுத்தில், எங்கள் இருவரின் வாழ்த்துகள். நான் ஒரு கையில் கேக் தட்டு, இன்னொரு கையில் அட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து உயர்த்தி எல்லோருக்கும் காட்டி, "நல்லா பாத்துக்கோங்க, நம்ம ரூலின் பனிக்காலத்தை வரைஞ்சிருக்கா" என்றேன். வட்டம் முழுக்கச் சிரித்தது. அட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். டீனி, பனியில் ஒரு காக்காயாவது போட்டிருக்கலாமே என்றாள். ரூலினும் சிரித்தாள், ஆனால் சிரிப்பதற்கு முன்னால் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். இதை நீ எனக்கு முன்னாலேயே கவனித்தவள். போன தடவை லீவுக்கு வந்தபோது, அத்தை ஏம்மா எதைக் கேட்டாலும் மாமாவைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறாள் என்று கேட்டாய். அதுதான்டி புருஷன் பெண்டாட்டி ஒற்றுமை, நீயும் கற்றுக்கொள் என்று உன் வாயை அடைத்தேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் ஃபென்னா.

அந்த அட்டையை மிச்சக் காகிதங்கள் போடும் பெட்டியில் போட்டுவிட்டேன். நல்ல கனமான அட்டை, எதற்காவது ஆகும் என்று. போன மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை, டீனியின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று காலையில் செய்தி வந்தது, மறுநாள் பார்க்கப் போக வேண்டும், கையில் வெள்ளை அட்டை தீர்ந்துபோயிருந்தது. இதை எடுத்து, உள்ளே மாமா எழுதியிருந்த பாதியை வெட்டி எறிந்துவிட்டு மேசையில் போட்டு, ஆண் குழந்தைதானே என்று பஞ்சில் நீல மையைத் தொட்டு வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தேன். நடுவில் பஞ்சு எதிலோ தட்டித் தட்டிப் போனது. பழைய பசை ஒட்டியிருக்கிறது என்று திட்டிக்கொண்டே இன்னும் அழுத்தித் தேய்த்தேன். முதலில் வந்தது அண்ணி என்ற வார்த்தை. கை அப்படியே நின்றுவிட்டது. பிறகு நான் தேய்த்தேனா என் கை தானாகத் தேய்த்ததா தெரியவில்லை, வரி வரியாக வந்தது. "அண்ணி, அவர் என்னைப் பூட்டி வச்சிட்டுப் போறார். செவ்வாய்க்கிழமை பத்துலேருந்து பன்னெண்டு வரைக்கும் இருக்க மாட்டார். உங்ககிட்ட சாவி இருக்கு. வந்து கூட்டிட்டுப் போங்க." அவ்வளவுதான். கோணல் எழுத்து, அவசரமாக எழுதியது. நான் நீலக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சாவி இருக்கிறது என்று எழுதியிருந்தாளே, ஆமாம் இருக்கிறது. அவர்கள் லீவுக்குப் போனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக மாமாவே பத்து வருஷத்துக்கு முன் கொடுத்தது. நம் சமையலறைக் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது, தினமும் பத்து தடவை என் தோள் அதில் இடிக்கும். சுவரில் காலண்டரைப் பார்த்து எண்ணினேன். என் பிறந்தநாளிலிருந்து அன்றுவரை இருபத்திரண்டு செவ்வாய்க்கிழமைகள். கைபழகியவர்களுக்குத் தெரியும் என்று நான்தான் அவளிடம் சொன்னேன், அவள் அதை நம்பி எழுதியிருக்கிறாள். ஒரே ஒரு தடவை விரலால் தடவியிருந்தால் போதும். அவன் திறந்து பார்த்தான், திருப்பிப் பார்த்தான், அவனுக்குத் தெரியாமல் போனது சரி. எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

அப்பாவிடம் காட்டினேன். அவர் நம்பவில்லை. "நம்ம வுப்போவா, சும்மா இரு ஹார்ம்கே, ஏதாவது புருஷன் பெண்டாட்டி சண்டையா இருக்கும், நான் அவன்கிட்டயே கேட்டுடறேன்" என்று போனை எடுத்துவிட்டார். நான் அவர் கையிலிருந்து பிடுங்கினேன், முப்பத்தெட்டு வருஷத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. இந்த மாதிரி வீடுகளுக்கென்று ஒரு உதவி எண் இருக்கிறது, அதற்குப் பேசினேன். அந்தப் பக்கம் ஒரு பெண், என் வார்த்தையில் ஒன்றைக்கூடச் சந்தேகப்படாமல், உங்கள் தம்பிக்கு எதையும் காட்டிக்கொள்ளாதீர்கள், தனியாகப் போகாதீர்கள், செவ்வாய்க்கிழமை நானே கூட வருகிறேன், அவர் மனைவி தங்குவதற்கு இடமும் பார்த்து வைக்கிறேன் என்றாள். இது அவளுக்கு ஆச்சரியமாகவே இல்லை என்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

செவ்வாய்க்கிழமை மாமா வாராவாரம் ஆடப் போகிற பில்லியர்ட்ஸ் கூடத்துக்கு அப்பாவை அனுப்பினேன், மாமா சீக்கிரம் கிளம்பினால் எனக்குச் சொல்ல. நானும் அந்த உதவி எண் பெண்ணும் பத்தேகாலுக்கு அவர்கள் வீட்டு வாசலில் நின்றோம். ஜன்னலில் திரைகூடப் போடவில்லை. தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் வரவேற்பறை முழுக்கப் பார்க்கலாம், பூத்தொட்டி, சோபா, எல்லாம் துடைத்து வைத்தது போல. சாவி ஒரே திருப்பில் திறந்தது. ரூலின் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். கோட்டு போட்டுக் கழுத்துவரை பொத்தான் மாட்டி, வெளியே போகிற ஷூ போட்டு, மடியில் கைப்பை. எனக்கு ஒன்றும் புரியவில்லை, நாங்கள் வருவது உனக்கு எப்படித் தெரியும், யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லல அண்ணி. செவ்வாய்க்கெழமைன்னா அவர் போனதும் இப்படித்தான் போட்டுட்டு உக்காருவேன். பதினொன்னரைக்குக் கழட்டி வச்சிடுவேன்" என்றாள். அழவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அவள் முன்னால் மண்டியிட்டு அழுதேன், அவள்தான் என் தலையைத் தடவி, "எழுந்திருங்க அண்ணி, நேரம் ஆகுது" என்றாள். கதவைத் தாண்டும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள், என் கையைப் பிடிக்கவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

அப்பா மத்தியானம் வீட்டுக்கு வந்து கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தார். மாமா அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்தானாம், இரண்டு ஆட்டம் ஆடினார்களாம், பத்தரை மணிக்குத் தோளில் கை போட்டு, "ரூலின் உங்க எல்லாரையும் கேட்டதா சொல்லச் சொன்னா மச்சான், இன்னைக்கு வீட்ல கேக் பண்ணிக்கிட்டு இருக்கா" என்றானாம். அதே பத்தரைக்கு அவள் கோட்டோடு என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்பா அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூட சந்தேகமாகப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காவல் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லி, நீல அட்டையையும் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். எதிராளியின் பெயர் என்று இருந்த இடத்தில் என் அம்மா அவனுக்கு வைத்த பெயர் முழுதாக எழுதியிருந்தது. நீ அவனிடம் நடந்துகொள்ள வேண்டிய விதத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவன் உன்னைக் கண்டிப்பாகக் கூப்பிடுவான், நீ அவனுடைய செல்லம், உன் மனசு இளகும் என்று அவனுக்குத் தெரியும். எடுத்துப் பேசு, மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லாதே, உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தவன் அவன், அது பொய் இல்லை. ஆனால் அத்தையைப் பற்றி எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியாது என்று சொல். அவன் அழுவான், சாப்பிடவில்லை என்பான், ஒரே ஒரு தடவை பேசினால் போதும் என்பான். அழுகை பொய்யாக இருக்காது, அதனால்தான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, இங்கே வெயில் வரும்போதுதான் உங்கள் பக்கம் குளிர் ஆரம்பிக்கும், கம்பளிச் சட்டையை உள்ளே போட்டுக்கொள். மாப்பிள்ளையிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு, நம்மிடம் இனிமேல் மறைக்கிற விஷயம் எதுவும் வேண்டாம். கடவுள் உன்னை எந்தக் கதவுக்குப் பின்னாலும் தனியாக விடாமல் இருக்கட்டும், நூறு வருஷம் நிம்மதியாக இரு என் கண்ணே.

மறக்காமல் இன்னொன்று. அத்தை இப்போது எங்கே இருக்கிறாள் என்று நீ என்னைக் கேட்காதே, எனக்கும் தெரியாது. அந்தப் பெண் சொல்ல வந்தாள், நான்தான் வேண்டாம் என்று காதைப் பொத்திக்கொண்டேன். வுப்போ இதுவரை இரண்டு தடவை நம் மேசையில் தலையைக் கவிழ்த்து, அக்கா அக்கா என்று அழுதுவிட்டுப் போயிருக்கிறான். மூன்றாவது தடவை வந்து அழுதால், எனக்குத் தெரிந்திருந்தால், நான் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹார்ம்கே