பட்டுச் சேலையில் போன மாணவி

கிள்ளான்

அன்புள்ள வாணிக்கு,

அப்பாவும் நானும் நலம், என் மானம் மட்டும் கொஞ்சம் சுகமில்லை. ஆக்லாந்துக் குளிரில் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா? நீ வேலை பார்க்கும் கல்லூரிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதல் சில வாரம் மிரண்டு ஓடாமல் இருக்க என்ன செய்யலாம், நீங்களும் இப்போது மாணவிதானே, சொல்லுங்கம்மா என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், சிரிக்காதே. பிரிக்பீல்ட்ஸ் கல்லூரியில் கவுன்சலிங் படிப்புக்குச் சேர்ந்தேன் அல்லவா, முதல் நாள் ஏதோ சரஸ்வதி பூஜைக்குப் போகிறவள் மாதிரி பட்டுச் சேலை, மல்லிகைப் பூ, திருநீறு சகிதம் ரயில் ஏறினேன். வழி சொன்னது விளங்காமல், கூட்டம் போன அறைக்குள் நானும் நுழைந்தால் அத்தனை பேரும் சடாரென்று எழுந்து குட் மார்னிங் மேடம் என்றார்கள். நம் பள்ளிக்கூடங்களில் பழகிய பழக்கம், சேலை கட்டியவளைக் கண்டால் கால் தானாக எழும்பிவிடும். நானும் உட்காருங்க என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

முன்வரிசையில் காதில் மெஷின் மாட்டிய ஒரு பெண் கையைத் தூக்கினாள். பந்திங்கிலிருந்து வரும் புனிதா. மேடம், பேசறவங்க மொகம் தெரிஞ்சாத்தான் எனக்கு வெளங்கும், போன காலேஜுல எல்லாரும் போர்டப் பாத்தே பேசுனாங்க, படிப்பையே விட்டு நின்னுட்டேன், இங்கயும் அப்படின்னா இன்னிக்கே வீட்டுக்குப் போயிடறேன்லா என்றாள். நான் மேடம் இல்லையம்மா என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னேன், கல்யாண வீட்டில் காய் நறுக்க உட்காருவோமே, அப்படி. பெயரையும் பயத்தையும் ஆளுக்கொன்று சொல்லுங்கள் என்று, கைபேசியைத் தொடவே எனக்குள்ள பயத்தை நானே முதலில் சொன்னேன். நடுவில் டை கட்டிய ஒரு தம்பி வந்து, விழித்துவிட்டு, அவரும் வட்டத்தில் உட்கார்ந்தார். பேர் ஜெயராஜ், வேலைக்குப் புதுசு, இந்தக் கிளாஸ நெனச்சாத்தான் பயம் என்றார். அவர்தான் விரிவுரையாளர்! என்னை மேலிடத்திலிருந்து வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்தாராம். நானும் மாணவிதான் என்ற குட்டு உடைந்ததும் பெரிய சிரிப்பு புனிதாவுடையதுதான். அவள் படிப்பை விட்டு நிற்கவில்லை, வட்டமும் கலையவில்லை, என் பெயர் மட்டும் மேடம் ஆன்டி என்று ஆகிவிட்டது.

ஆகவே நீயும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசு, உன் பயத்தை முதலில் சொல். மற்றபடி எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வருகைப் பதிவு மெஷினில் போனைக் காட்டினால் தினமும் சிவப்பாக எக்ஸ் விழுகிறது, சிஸ்டம் ஸ்லோ ஆன்டி என்கிறார் ஜெயராஜ். பாடமோ, களிமண்ணில் யானை பிடிப்பதும் கைதட்டிப் பாடுவதும்தான். குடும்பச் சண்டையத் தீர்க்கப் போறவளுக்கு யானை எதுக்கு என்று அப்பா கேட்கிறார், நானும் அதைத்தான் யோசிக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காதை மூடித் தொப்பி போடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட மறக்காதே, அப்பாவிடம் மேடம் கதையை எடுக்காதே. பத்துமலை முருகன் உனக்கு எப்போதும் துணையிருப்பான்.

ஆசிகளுடன்,
அம்மா புஷ்பவல்லி

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கல்லூரி ஆபீஸிலிருந்து போன். நான் இத்தனை நாளும் உட்கார்ந்திருப்பது பாலர்பள்ளி ஆசிரியர் வகுப்பாம். கவுன்சலிங் மேல்மாடியில் நடக்கிறது, நீங்கள் ஒரு நாள்கூட வரவில்லையே, பயமாக இருக்கிறதா ஆன்டி என்று அன்பாக விசாரித்தார்கள்.