ஞாயிற்றுக்கிழமைகளில் துணி காயப்போடக் கூடாது

22-9-91, ஞாயிறு

வெயில். புரட்டாசியா இது, சித்திரை தோற்றது. காலையிலேயே மூன்று வேன். மெட்ராஸிலிருந்து பங்களா பார்க்க வந்தவர்கள். ஆளுக்கொரு கூலிங் கிளாஸ்.

துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பங்களா கட்டி விற்கிற கார்டன் கம்பெனியின் மேனேஜர் வேலி ஓரம் வந்து நின்றார்.

"அம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. ஞாயித்துக்கெழம மட்டும் துணி காயப்போடாம இருக்க முடியுமா? மாதிரி பங்களா பால்கனியில நின்னா நேரா உங்க கொடிதான் தெரியுது. பார்ட்டிங்க ஒரு மாதிரி பாக்கறாங்க."

"வாரம் பூரா எனக்குப் பால்வாடி. ஞாயித்துக்கெழமதான் துணி. பால்கனிய அந்தாண்ட திருப்பிக்கோங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இவர் அதற்குள் கஞ்சி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியாகிவிட்டது. ஞாயிறு தவறாமல் வேன்காரர்களோடு கலந்து நின்று பங்களா விலை கேட்பது என் வீட்டுக்காரரின் உத்தியோகம். விற்கிற பையன்களைக் கம்பெனி அடிக்கடி மாற்றுகிறது. புதுப் பையன் இவரை வாங்க வந்தவர் என்று நினைத்து சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்துவிடுகிறான். இன்று எலுமிச்சை சாதம்.

திரும்பி வந்தபோது முகத்தில் கல்யாணக் களை. "மூணே கால் லட்சமாம் சாந்தா! ஆடியில ரெண்டே முக்கா!"

"அதுல நமக்கு இன்னா வருது?"

"நம்ம கெணத்து மேட்டுல நிக்குதுடி அந்த வூடு."

நம் மேடா? மூன்று வருடம் முன்பு ஒன்றரை ஏக்கரையும் இந்தக் கம்பெனிக்கே விற்றாயிற்று. கால் காசுக்கு. ஆறே மாதத்தில் அதைத் துண்டு போட்டு என்ன விலைக்குக் கைமாற்றினார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து இவருக்கு ஒரு வியாதி. சூடு கண்ட பூனை. மிச்சம் இருப்பது இந்த ஓட்டு வீடும் சுற்றி முப்பது சென்ட்டும்தான். விற்க மாட்டார், இன்னும் ஏறுமாம். ஓடு மாற்ற மாட்டார், எப்படியும் இடிக்கப் போகிற வீடாம். மூன்று மழைக்காலம் இப்படியே போனது. இடம் லட்சக்கணக்கில். படுக்க ஒரு காய்ந்த மூலை இல்லை.

சோப்பு தீர்ந்துவிட்டது. ரேஷனில் மண்ணெண்ணெய் செவ்வாய்க்கிழமை.

25-9-91, புதன்

பால்வாடிக்குக் காலாண்டு லீவு. விடியற்காலை ஒரு சின்ன மழை. சின்ன மழைக்கே:
கூடத்தில் அண்டா.
சாமி படத்துக்குக் கீழே பித்தளைக் குடம்.
இடைவழியில் சோறு வடிக்கிற குண்டான்.
பீரோ மேல் உரச் சாக்கு.
பிறகு சமையல் எதில் செய்வதாம்?

மகள் மல்லிகாவைப் பார்க்கக் குன்றத்தூர் போனேன். அதிரசம் கொண்டுபோனேன். எட்டாம் மாதம். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. முகம் மட்டும் தெளிவாக, அழகாக. என் கண்ணே பட்டுவிடும்.

சம்பந்தியம்மா நல்ல மாதிரிதான். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். "ஐப்பசி மூணாந்தேதி வளைகாப்பு வெச்சிக்கலாம். அன்னிக்கே கூட்டிகினு போங்க. தலப்பிரசவம் தாய் வூட்லதான், நான் வேணாங்கல. ஆனா போன ஐப்பசில எம் புள்ள உங்க வூட்ல தங்குனப்ப தலமாட்ல அண்டா வெச்சீங்களாமே? பச்சக் கொழந்தய எங்க படுக்க வெப்பீங்க, சொல்லுங்க."

என்ன சொல்ல? "ஓடு மாத்தறோம்" என்றேன். வாய் சொல்லிவிட்டது. மல்லிகா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பாவை அவளுக்குத் தெரியாதா.

பஸ்ஸில் வரும்போது அழுகை. யாரும் பார்க்கவில்லை. கண்டக்டர் பார்த்தார். பரவாயில்லை.

28-9-91, சனி

புரட்டாசி சனி. பெருமாளுக்குத் தளிகை போட்டேன். புரோக்கர் பலராமன் சரியாகச் சாப்பாட்டு வேளைக்கு வந்தார். வடையை எண்ணவில்லை, பெருமாள் எண்ணிக்கொள்வார்.

பலராமன் சொன்னது: ஜூலையில் ரூபாய் மதிப்பைக் குறைத்துவிட்டார்களாம். துபாய், அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இங்கே பங்களா சல்லிசாகிவிட்டதாம். "பாக்காமலே புக் பண்றாங்கண்ணா. ஒரகடம் பக்கம் பெரிய கம்பெனிலாம் வரப் போவுதுன்னு பேச்சு. அதுவுமில்லாம மே மாசம் இங்க குண்டு வெடிச்சதுக்கப்பறம் நம்ம ஊர் பேரு தெரியாத ஆளே உலகத்துல கெடையாது."

மோர் எடுக்கிற சாக்கில் எழுந்துவிட்டேன். ஊரே ஒரு வாரம் அடுப்பு மூட்டாமல் கிடந்தது. அந்தத் துக்கத்தையும் சேர்த்து விற்கிறார்கள்.

கார்டனின் இரண்டாம் பகுதிக்கு ரோடு நம் வாசல் வழியாகத்தான் போக வேண்டுமாம். நல்ல விலை சொன்னார். இவர் மோரை உறிஞ்சிவிட்டு, "பாக்கலாம் பலராமா. ரேட்டு ஏறிகினே கீது" என்றார்.

பலராமன் போனதும் பிடித்துக்கொண்டேன். "ஒண்ணு வித்துட்டு நல்ல வூடா பாருங்க. இல்ல ஓட்ட மாத்துங்க. பொண்ணு வருது."

"தை பொறந்தா டபுள் ஆவும். அதுக்குள்ள இதுல காச போடுன்னா? இடிக்கப்போற வூட்டுக்கு ஓடு போடறவன் பைத்தியக்காரன்."

"மழ தை வரைக்கும் காத்துகினு இருக்குமா?"

ரேடியோவைத் திருப்பினார். இலவு காத்த கிளிக்குக் கூடவா ரேடியோ கேட்கத் தெரியும்.

3-10-91, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். பால்வாடி ஆயாவிடம் கட்டிவந்த சீட்டைத் தள்ளி எடுத்தேன். மல்லிகாவின் பிரசவச் செலவுக்கென்று வைத்திருந்தது. ஓடும் பிரசவச் செலவுதான்.

கன்னியப்பனைக் கூப்பிட்டு மேலே ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். ஓடு மாற்றுகிற ஆட்களில் இந்தப் பக்கம் அவர்தான். மேலேயிருந்து கத்தினார்: "டீச்சரம்மா, ஓடு மட்டுமில்ல, ஓட்டத் தாங்கற ரீப்பர் கட்டையே உளுத்துக் கீது. கைய வெச்சா மாவா கொட்டுது."

"மாத்துங்க."

"அண்ணன் இன்னா சொல்றாரு?"

"அண்ணன் ரேடியோ கேக்கறாரு. நீங்க மாத்துங்க."

6-10-91, ஞாயிறு

கூரை பிரித்தாயிற்று. வீட்டுக்குள் நின்றால் வானம். சாமி படங்களைத் துணியால் மூடினேன். இருமல், தும்மல், முப்பது வருடப் புழுதி.

வேண்டுமென்றேதான் ஞாயிறு. கன்னியப்பனுக்கு வேறு நாள் இல்லை என்று இவரிடம் சொன்னேன், பொய். பால்கனியில் கூலிங் கிளாஸ்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன. பழைய ஓடு விழுகிற சத்தத்தில் மேனேஜர் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை. துணியும் போட்டிருந்தேன்.

இவர் கோபித்துக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "காச மண்ணுல போடற" என்றார். மண்ணில் போட்டுத்தானே எல்லாரும் சம்பாதிக்கிறார்கள் என்றேன். காதில் விழவில்லை.

9-10-91, புதன்

கூரை முடிந்தது. சிவப்பாக, புதிதாக. மூன்று முறை தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். மல்லிகா தவழ்ந்ததும் இந்தக் கூடத்தில்தான், அப்போது இது ஒழுகாத வீடு.

இவர் நேற்றே திரும்பிவிட்டார். தங்கை வீட்டில் காரம் அதிகமாம்.

சாயங்காலம் பலராமன் மூச்சு வாங்க ஓடிவந்தார். "இன்னாண்ணா, ஓடு மாத்திட்டீங்க! அப்ப இடத்த விட்டுப் போற எண்ணமே இல்லியா? மேனேஜருக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல. உங்க வாசல் கெடைக்கலன்னா ரோட்ட சுத்திப் போடணுமாம்." சொல்லிவிட்டு ஒரு புது விலை சொன்னார். போன தடவையைவிடக் கால் பங்கு கூட.

இவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மீசையைத் தடவினார். "நான்தான் மாத்தச் சொன்னேன்" என்றார்.

அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கையில் பூரிக்கட்டை. பெருமாள்தான் என்னைப் பிடித்துக்கொண்டார்.

14-10-91, திங்கள்

மேகமூட்டம். மேனேஜரே வந்தார், பெட்டியோடு. பலராமன் பின்னால். பெட்டியில் அட்வான்ஸ் இருந்ததாம். விலை இன்னும் ஏறியிருந்தது. இவரே மூன்று வருடமாக மனசுக்குள் வைத்திருந்த விலை. தொண்டையைச் செருமிக்கொண்டு "சரி" என்று சொல்லிவிட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் கண் நிறைந்தது. மூன்று வருடமாக நான் கும்பிட்ட சாமி, பெட்டியோடு வாசலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மேனேஜர் பேனாவைத் திறந்துகொண்டே, "தீபாவளிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடணும். ரோடு போட மெஷின் வருது" என்றார்.

"ஆவட்டும் சார்" என்றார் இவர்.

"ஆவாது" என்றேன்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"கார்த்திகையில எம் பொண்ணு இந்த வூட்ல பெத்துப் பொழைக்கணும். கொழந்த தல நிக்கணும். மாசிக்கு மேல வாங்க, பேசலாம்."

மேனேஜர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். மேனேஜர் விலையில் இன்னும் கொஞ்சம் ஏற்றினார். "வேணாம்" என்றேன். இன்னும் ஏற்றினார். "சார், நான் வெலையா சொல்றேன்? புள்ளத்தாச்சிப் பொண்ண எங்க கொண்டு போய் வெக்கறது?" என்றேன். அவர் பேனாவை மூடினார். எழுந்து நின்று கும்பிட்டார். "இவ்ளோ நாளா ஐயாகிட்ட பேசினது தப்பு. உங்ககிட்ட பேசியிருக்கணும். மேலிடத்துல கேட்டுட்டு வர்றேம்மா."

அவர்கள் போன பிறகு இவர் என்னைப் பார்த்த பார்வை! கல்யாணமாகி இருபத்து மூன்று வருடத்தில் அப்படி ஒரு மரியாதை நான் கண்டதில்லை. "யப்பா. ஒண்ணுந் தெரியாத மாதிரி இருந்துகினு இன்னா கணக்கு போடற சாந்தா! மாசின்னா சொன்ன? நான் தை வரைக்கும்தான் யோசிச்சேன்."

நான் கணக்குப் போடவில்லை. பிள்ளைக்கு இடம் கேட்டேன். இதைச் சொன்னால் மேனேஜருக்கும் புரியவில்லை, எனக்குத் தாலி கட்டியவருக்கும் புரியவில்லை.

காபி குடித்த டம்ளரை இவரே கழுவிக் கவிழ்த்தார். அதுவும் கணக்கில் வருமோ என்னவோ.

20-10-91, ஞாயிறு

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. கை நிறைய வளையல். ஐந்து வகை சாதம், புளி சாதம் மட்டும் காலி. சம்பந்தியம்மா எங்களோடு காரில் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார். கூடத்தில் கையை வைத்துத் தரையைத் தடவிப் பார்த்தார். "ம்" என்றார். அந்த ஒரு "ம்" போதும் எனக்கு.

மல்லிகா வந்ததும், "அம்மா, அண்டாலாம் எங்கம்மா?" என்றாள். சிரித்தோம்.

பஞ்சாயத்து டிவியில் மழை என்று சொன்னார்களாம்.

21-10-91, திங்கள்

மழை. விடிந்ததிலிருந்து விடாமல். பால்வாடிக்குப் பிள்ளைகள் வரவில்லை, மத்தியானமே வீடு.

மல்லிகா கூடத்தில் தூங்குகிறாள். கூடம் காய்ந்திருக்கிறது. சாமி படம் காய்ந்திருக்கிறது. பீரோ, இடைவழி, அடுப்படி எல்லாம் போய்க் கை வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

ஒரே ஒரு இடம். உள் அறையில், இவர் கட்டிலுக்கு நேர் மேலே. கன்னியப்பன் ஒரு ஓடு விட்டுவிட்டார். இவர் கால்மாட்டில் ஒடுங்கி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கார்டனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "மாசில நாலு லட்சம் தாண்டும் அந்த வூடு, பாரு" என்கிறார். தலையணையில் சொட்டு.

அண்டாவை எடுத்துக்கொண்டு போனேன். அறை வாசற்படி வரைக்கும் போய்விட்டு, கொண்டுவந்து அடுப்படியிலேயே கவிழ்த்துவிட்டேன்.