மிஸ் ஹார்பின் கனடாவுக்குப் போய்விட்டாள்

லண்டன்
3 மார்ச் 1976

அன்புள்ள எனிட்,

அக்காவுக்கு உடம்பு தேவலையா? அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் நம் தொலைக்காட்சித் தொடரை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. நீங்கள் நடித்த பாட்டு டீச்சர் மிஸ் ஹார்பினைக் கதையில் கனடாவுக்கு அனுப்பிவிட்டார்கள். கணக்கு வாத்தியார் பிளெட்ஜாக நான் மட்டும் அதே ஆசிரியர் அறையில், அதே ஆறிப்போன தேநீரோடு உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்குப் புதிதாக ஒரு சமையல்காரம்மா வந்திருக்கிறாள். அவளைப் பார்த்து நான் வழிய வேண்டுமாம்.

போன வெள்ளிக்கிழமை ஒளிப்பதிவில் அவளை "மிஸ் ஹார்பின்" என்று கூப்பிட்டுவிட்டேன். பார்க்க வந்த முந்நூறு பேரும் சிரித்தார்கள். இயக்குநர், "பிரமாதம் ரோலண்ட், அப்படியே வச்சுக்கலாம்!" என்றார். அது நடிப்பில்லை என்று யாரிடம் சொல்வது?

அடுத்த ஞாயிறு அங்கே வரட்டுமா? நேரில் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது.

உங்கள்
ரோலண்ட்


ஸ்கார்பரோ
8 மார்ச் 1976

அன்புள்ள ரோலண்ட்,

தாராளமாக வாருங்கள். ஹெஸ்டர் அக்காவுக்குப் பக்கவாதத்தில் போன வலது கை இன்னும் வரவில்லை. வாய் மட்டும் நன்றாக வந்துவிட்டது. "அந்தக் கணக்கு வாத்தியாரா? நம்ம வீட்டுக்கா? என் நல்ல கவுனை எடுடி!" என்று இப்போதே படுத்துகிறாள்.

காலை ரயிலில் வந்தால், கடற்கரையில் கொஞ்ச தூரம் நடக்கலாம். நாம் இருவர் மட்டும். குளிர்காற்று கடுமை, கழுத்துக்குக் கம்பளி சுற்றிக்கொள்ளுங்கள்.

எனிட்


லண்டன்
15 மார்ச் 1976

அன்புள்ள எனிட்,

நேற்றைய விருந்துக்கு நன்றி. அக்கா சிரித்த சிரிப்பு! பிளெட்ஜ் நாற்காலியிலிருந்து விழுவதை மூன்று தடவை செய்யச் சொன்னாரே! அதில் நடக்கப் போக நேரமில்லாமல் போயிற்று. சொல்ல வந்ததைச் சொல்லாமலே ரயில் ஏறிவிட்டேன்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. மிஸ் ஹார்பினைத் திரும்ப அழைத்துவர எழுத்தாளர்கள் சம்மதித்துவிட்டார்கள். தொடரின் கடைசி வாரம் பள்ளி மண்டபத்தில் நமக்குக் கல்யாணம். நான் சொல்ல நினைத்ததையெல்லாம் அந்தக் காட்சியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். வந்துவிடுங்கள்.

உங்கள்
ரோலண்ட்


ஸ்கார்பரோ
21 மார்ச் 1976

அன்புள்ள ரோலண்ட்,

மிஸ் ஹார்பின் வரமாட்டாள். அக்காவை விட்டுவர முடியாது என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். உங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். நான் தொடரை விட்டபோது அக்கா நன்றாகத்தான் இருந்தாள். படுக்கையில் விழுந்தது அதற்குப் பிறகு.

ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் முந்நூறு பேர் முன்னால் என்னைக் காதலித்தீர்கள். ஒவ்வொரு தடவையும் அவர்கள் சிரித்தார்கள். நான் சனிக்கிழமை முழுக்கத் தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் காத்திருந்தது போதும் என்று தோன்றியது, வந்துவிட்டேன்.

அன்றைக்கு நீங்கள் மூன்றாவது தடவை விழுந்தபோது, நான் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன். நீங்கள் போனபின் அக்கா கேட்டாள்: "ஏன்டி, அந்த மனுஷன் உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"இல்லக்கா."

"நான்தான் குறுக்க வந்துட்டேனா?"

"நீ இல்ல" என்றேன்.

கல்யாணத்துக்கு அந்தச் சமையல்காரம்மாவே இருக்கட்டும். எனக்கு இனி எழுத வேண்டாம். ஒளிபரப்பாகும் அன்று நாங்கள் இருவரும் பார்ப்போம். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். நீங்கள் அந்தச் சமையல்காரம்மாவிடம் பேசும் ஒவ்வொரு வரியும் எனக்கென்று எழுதியது என்பது எனக்குத் தெரியும். சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எனிட்