ஊசி நாளின் உப்புமா

என் வாந்தியைக் குறைத்தது எது, நீங்கள் சொன்ன உப்புமாவா, டாக்டர் மாற்றிக்கொடுத்த மாத்திரை நேரமா? நான்கு ஆண்டுகளாக யோசிக்கிறேன். எனக்கு விடை தெரியவில்லை.

இன்று கல்லூரி கேன்டீனில் ரவை வறுத்தார்கள். அந்த வாடை ஆசிரியர் அறை வரைக்கும் வந்தது. எழுந்து வராண்டாவின் மறுகோடிக்குப் போய் நின்றுகொண்டேன். "என்ன மேடம், உப்புமாவுக்கு இம்புட்டு பயமா?" என்றார் உடன் வேலை பார்ப்பவர். லேசாகச் சிரித்துவைத்தேன். உங்களைப் பற்றி அவரிடம் எங்கிருந்து தொடங்குவது?

மார்பில் அறுவை முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு ஊசி என்று எனக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். உங்களுக்கும் அதே நோய், அதே மருந்து. என்னைவிட ஓர் ஊசி முந்தியிருந்தீர்கள். அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நோயின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. நீங்கள் மட்டும், என் கையிலிருந்த விடைத்தாள் கட்டைப் பார்த்து, பக்கத்தில் உட்கார இடம் விட்டபடியே, "உங்களுக்கும் கேன்சர்தானா டீச்சரம்மா? உக்காருங்க" என்றீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உட்கார வேறு இடமும் இல்லை. கோரிப்பாளையத்தில் வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர் என்று, நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

முதல் ஊசியன்று என் தங்கை ஃபிளாஸ்க் நிறையக் காபி கொண்டுவந்தாள். அக்கா காபி இல்லாமல் இருக்கமாட்டாள் என்ற அன்புதான். குடித்தேன், ஊசி போட்டார்கள், மாலை வரை வாந்தி. அதற்குப் பிறகு அடுத்த வீட்டில் காபிக்கொட்டை அரைத்தாலே எனக்குக் குமட்டியது. மூன்று ஊசி முடிவதற்குள் நிலைமை முற்றிவிட்டது. விளாங்குடியிலிருந்து வரும் பஸ் கோரிப்பாளையத்தில் திரும்பினாலே போதும், ஆஸ்பத்திரி வருவதற்கு முன்பே வாந்தி வந்துவிடும். முடி போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். என் வயிறு என் அறிவுக்குக் கட்டுப்படாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

நான்காவது ஊசிக்கு முன் பரிசோதனைக்கு இரத்தம் கொடுக்க வந்த அன்று, இனி வரப்போவதில்லை என்று உங்களிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் பதறவில்லை.

"மொத ஊசி அன்னைக்கு என்ன சாப்ட்டீங்க?"

"காபி."

"போச்சு. உசுரா இருந்ததக் கொண்டுபோய் ஊசிக்கு முன்னால வச்சுட்டீங்க. சரி, உங்களுக்குப் பிடிக்காதது எது?"

"ரவை உப்புமா."

"அதத் தின்னுட்டு வாங்க. வாந்தி வந்தா பழி உப்புமா மேல போகட்டும். காபி பாவம், அத விட்ருங்க."

இதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன். பெரிய கேள்வி கேட்டுவிட்டதுபோல என்னைப் பார்த்தீர்கள்.

"எங்க நாத்துனா மொத ஊசிக்குப் பிரியாணி ஆக்கிக் கொண்டாந்தா. பெருநாளைக்கு வீட்ல சட்டியத் தொறக்குறாங்க, நான் முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு மாடியில நிக்கிறேன். இதவிட ஆதாரம் என்ன வேணும் உங்களுக்கு?"

நான் சிரித்தேன். அந்த வராண்டாவில் அதுதான் முதல் முறை.

"வாந்தி இம்புட்டு வருதுன்னு டாக்டர்ட்ட சொன்னீங்களா?"

"எல்லாருக்கும் வருவதுதானே, அதை ஏன் சொல்ல வேண்டும்?"

"நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். நான் சத்தமாச் சொல்லுவேன், பார்த்துக்கங்க."

அந்த மிரட்டலுக்குப் பயந்துதான் உள்ளே போனேன். வாந்தி தொடங்கிய பிறகு நான் விழுங்கிவந்த மாத்திரையை, ஊசிக்கு ஒரு மணி நேரம் முன்பே விழுங்க வேண்டும் என்றார் டாக்டர். முதல் நாளே சொல்லியிருந்தாராம். என் காதில் விழவில்லை.

ஆக, நான்காவது ஊசிக்குச் சாப்பாடும் உப்புமாவுக்கு மாறியது, மாத்திரை நேரமும் மாறியது. ஒரு சோதனையில் ஒரே சமயத்தில் இரண்டை மாற்றாதே என்று மாணவிகளைக் கடிந்துகொள்பவள் நான். வாந்தி ஐந்தாறு முறையிலிருந்து இரண்டு முறையானது. "உப்புமா!" என்றீர்கள் நீங்கள். "மாத்திரை" என்றேன் நான். ஐந்தாவது ஊசி வரையிலும் இந்த வழக்கு நமக்குள் நடந்தது. இரண்டுமே உங்களால்தான் வந்தன என்பதை அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எனக்கு அப்படியெல்லாம் பேச வராது. அதற்குத்தான் இந்த மடல்.

ஆறாவது ஊசிக்கு முந்தின நாள், உங்கள் ஊசியெல்லாம் முடிந்திருந்தும் எனக்குத் துணைக்கு வருவதாகச் சொல்லியிருந்த உங்களை இரத்தம் கொடுக்கும் இடத்தில் காணாமல், உங்கள் வீடு தேடி வந்தேன். ஈரல் வரை பரவிவிட்டது என்றும், அடக்கம் செய்து மூன்று நாள் ஆகிறது என்றும் உங்கள் மகள் சொன்னாள். மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டவருக்கே இப்படி என்றால் நான் எதற்காக நாளை போக வேண்டும் என்று நின்றேன். அப்போது உங்கள் மகள் சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினாள். ஜாக்கெட் கொடுக்க வேண்டிய நாட்களை நீங்கள் பென்சிலால் குறிக்கும் காலண்டர். மறுநாள் தேதியைச் சுற்றி வட்டம்.

"இது யாரோட ஜாக்கெட்டுன்னு தேடுனேன், அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. டீச்சரம்மாவுக்குக் கடைசி ஊசின்னு அம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

காபி எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. தினமும் காலையில் குடிக்கிறேன். உப்புமா மட்டும் போனது போனதுதான். அதை நான் திரும்பக் கேட்கவும் இல்லை. அந்த வாடை வரும்போதெல்லாம் எழுந்து போகிறேன், நீங்களும் கூடவே எழுந்து வருகிறீர்கள்.

நீங்கள் வட்டமிட்டிருந்த அந்த மறுநாள் நடந்தது இவ்வளவுதான். காலையில் உப்புமா சாப்பிட்டேன். மாத்திரையை நேரத்துக்கு விழுங்கினேன். பஸ் கோரிப்பாளையத்தில் திரும்பியபோது உங்கள் தெரு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், குமட்டவில்லை. ஊசி போட்டுக்கொண்டேன். மாலையில் ஒரு முறை வாந்தி வந்தது.