கோரிமேட்டு மண், உப்பளத்து வீடு

அக். 7, திங்கள்

காலையில் தூறல், பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். துணியைக் காயப்போட்டு, எடுத்து, திரும்பக் காயப்போட்டு. மிளகாய்த்தூள் தீர்ந்தது. செருப்பு தைக்க வேண்டும்.

இன்று கையெழுத்துப் போட்ட பிளான்கள் ஆறு. ஆறு வீடு. ஒன்றையும் பார்த்ததில்லை. 'பதிவு பெற்ற பொறியாளர்' என்ற கட்டத்துக்குள் ம. சுகன்யா, பி.இ. சீல் குத்துவது குமரேசன் அண்ணன். ஆபீஸ் அவருடையது. சீல் என்னுடையது, ஆனால் இருப்பது அவர் மேஜை டிராயரில், ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில்.

"நீ கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மா, நான் குத்திக்கிறேன்." ஒன்பது வருஷமாக இதே வசனம்.

கு. அண்ணன் படித்தது ஐ.டி.ஐ., வரைவாளர் படிப்பு. உழவர்கரையில் பாதிப் பேருக்கு அவர்தான் 'எஞ்சினியர் சார்'. எனக்கு வேலை இல்லாமல் எட்டு மாதம் வீட்டில் இருந்தபோது கூப்பிட்டு உட்கார வைத்தவர். சம்பளம் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை. நல்லவர் என்றே எழுத வேண்டும்.

லைசென்ஸ் புதுப்பிக்கிற படிவம் வந்து பத்து நாளாகிறது. மாதக் கடைசிக்குள் கொடுக்கணும். அம்மா அதை விரித்து அதன்மேல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, அது லைசென்ஸ் படிவம்."

"அது இருந்தா என்னா, இல்லாட்டி என்னா? எதிர்த்தாப்புல கொத்தனார் வீட்டு மாடிய பாத்தியா? டைல்ஸு முகம் பாக்கலாம்."

பார்த்தேன். முகம் தெரிகிறதுதான். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கல்லூரி வாட்ஸப் குழுவில் யாரோ வேலை விளம்பரம் போட்டிருந்தார்கள். வீட்டுக்கடன் பிரிவு, 'எந்த டிகிரியும் போதும்'. கூடப் படித்த சிவில் பெண்கள் பதினொரு பேர். ஒருத்தி துபாய். இரண்டு பேர் பேங்க். ஒருத்தி டீச்சர். மற்றவர்கள் வீட்டில். சிவில் பார்ப்பவள் நான் ஒருத்திதான். பார்க்கிறேன் என்பதுகூடச் சரியில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

அக். 8, செவ்வாய்

மேகமூட்டம். கு. அண்ணன் பைக் சர்வீஸுக்குப் போனதால் என்னை உப்பளம் அனுப்பினார். ஒரு பேப்பரில் வீட்டுக்காரர் கையெழுத்து வாங்கி வரவேண்டும், அவ்வளவுதான். நான் போடுகிற கையெழுத்து போதாதென்று இப்போது வாங்குகிற வேலையும்.

வீட்டுக்காரர் தெய்வசிகாமணி. மில்லில் இருந்து ரிடையர் ஆனவர். மூன்று வருஷம் முன்னால் நான் கையெழுத்துப் போட்ட பிளான்: கீழ்வீடு, மேலே ஒரு மாடி. போய்ப் பார்த்தால் இரண்டாவது மாடிக்குச் சுவர் எழும்பி நிற்கிறது. மேல்தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடித்தாயிற்று. அடுத்த செவ்வாய் காங்கிரீட். தை மாதம் சின்ன மகனுக்குக் கல்யாணமாம், அவனுக்கு அந்த மாடி.

மேஸ்திரியிடம் சும்மா கேட்டேன், "எஞ்சினியர் யாரு?"

"யாரோ ஒரு லேடியாம். கையெழுத்துக்குத்தான். நாங்க பாத்ததில்ல."

"ஓ" என்றேன். என் பெயர் பிளானில் இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை.

மருமகள் மோர் கொடுத்தாள். நான் கை கழுவப் போனபோது பாத்ரூம் கதவு பாதியில் மாட்டிக்கொண்டது. "காலால ஒரு தட்டு தட்டுங்கக்கா. மழைன்னா கதவு ஊதிக்குது" என்றாள். தட்டினேன், திறந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு பஸ் பிடித்து வந்தேன்.

செருப்பு தைத்தாயிற்று.

அக். 9, புதன்

பல் தேய்க்கும்போது நினைவு வந்தது. அந்தக் கதவு பி.வி.சி., பிளாஸ்டிக்.

பி.வி.சி. கதவு ஊதாது. மரக்கதவுதான் ஊதும். அப்படியானால் நகர்ந்தது கதவு இல்லை. நிலை. நிலை நகர்ந்தால் சுவர். சுவர் நகர்ந்தால் அதற்குக் கீழே இருப்பது.

ஆபீஸில் அந்த ஃபைலைத் திறந்தேன். அஸ்திவாரப் படம். மூலையில் சின்ன எழுத்தில் குறிப்பு: மண்ணின் தாங்கு திறன், சதுர மீட்டருக்கு இருபது டன். இந்த வரி எனக்குத் தெரியும். நான் எழுதியது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், கோரிமேட்டில் ஒரு வீடு. செம்மண், கடப்பாரை இறங்காது. அதற்கு மண் பரிசோதனை செய்தோம், நானே போய் நின்றேன். இருபது டன் சரிதான் அங்கே. அந்தப் படம் சுத்தமாக இருந்தது என்று கு. அண்ணன் அதையே மாதிரியாக வைத்துக்கொண்டார். பெயர், அளவு, தேதி மட்டும் மாற்றுவோம். மூலைக் குறிப்பை யாரும் தொட்டதில்லை.

ஒன்பது வருஷமாக எல்லா வீடும் கோரிமேட்டு மண்ணில் நிற்கிறது. லாஸ்பேட்டை வீடு, வில்லியனூர் வீடு, உப்பளம் வீடு.

உப்பளம். பழைய துறைமுகத்துக்குப் பக்கம். பெயரிலேயே இருக்கிறது. மணல், நாலு கை தோண்டினால் தண்ணீர்.

மற்றவர்களைக் குறை சொல்ல இடமே இல்லை. எண் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது.

சாயங்காலம் அடுக்களை மேடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழைய நோட்டு பரணில் இருந்தது, எடுத்துப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. தளத்தின் எடை, சுவர், தண்ணீர்த் தொட்டி, ஆட்கள், மூன்றாவது தளம். கை தானாகப் போனது. ஒரு மாடி வரைக்கும் தம் கட்டி நிற்கும். இரண்டாவது மாடியும் தளமும் ஏறினால், பாத்ரூம் பக்கத்துத் தூண் முதலில் இறங்கும்.

இரண்டு முறை போட்டேன். அதே விடை.

அம்மா: "என்னாடி, டியூஷனா எடுக்கப் போற?"

பயம் வர வேண்டும். வரவில்லை. சாதம் சாப்பிட்டேன், ரசம் நன்றாக இருந்தது.

அக். 10, வியாழன்

நல்ல மழை. ஆபீஸ் சுத்தம் செய்யும் நாள், நாளைக்கு ஆயுத பூஜை. ஒட்டடை அடித்துக்கொண்டே கு. அண்ணனிடம் சொன்னேன். கதவு, குறிப்பு, கணக்கு, எல்லாம். பேப்பரையும் காட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். கேலி செய்யவில்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஒம்போது வருஷத்துல ஒரு வீடு விழுந்துருக்காம்மா?"

"இல்லண்ணா."

"அப்புறம்?"

"விழுந்தாத்தான் தப்பாண்ணா?"

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். "அந்தப் பெரியவரு பணத்த எல்லாம் போட்டுட்டாரு. கல்யாணம் வச்சுருக்காரு. இப்ப போயி நிறுத்துன்னா நெஞ்சடச்சுப் போயிருவாரு. காங்கிரீட் போட்டு முடிச்சிரட்டும். அப்புறம் பக்கத்துல ஏதாவது முட்டு குடுத்துக்கலாம்."

"முட்டு குடுக்கறது மேல ஏத்தறதுக்கு முன்னாடிண்ணா."

"நீ லெட்டர் எழுதுனா மாட்டறது நீதான், தெரியுமில்ல? சீல் உன்னுது. லைசென்ஸே போயிரும்." மிரட்டவில்லை. நிஜமாகவே எனக்காகச் சொன்னார். அதுதான் கஷ்டம்.

"பூஜை முடியட்டும்மா. நல்ல நாளும் அதுவுமா."

சரி என்றேன். எதற்குச் சரி என்றேன் என்று தெரியவில்லை. வரும்போது பொரி, கடலை, வெள்ளைப் பூசணி வாங்கினேன். பூசணி கனம்.

அக். 11, வெள்ளி

மழை இல்லை. பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று. ஒரு டேங்கர் லாரிக்குச் சாமந்தி மாலை, மணப்பெண் கெட்டாள்.

ஆபீஸ் பூஜை பதினொரு மணிக்கு. மேஜையில் துணி விரித்து வைத்தவை:
டேப்.
ரசமட்டம்.
தூக்குக்குண்டு.
கம்ப்யூட்டர் (நகர்த்த முடியாததால் இருந்த இடத்திலேயே பொட்டு).
பிரிண்டர், அதுவும் அப்படியே.
பைக் சாவி.
என் சீல்.

கு. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தார். சீலின் கைப்பிடிக்கும் வைத்தார். எனக்குத் தட்டில் இருந்து நானே எடுத்து வைத்துக்கொண்டேன். ஆயுத வரிசையில் நான் இல்லை. இருந்திருந்தால் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்.

பூஜையில் வைத்ததை இன்றைக்கு யாரும் தொடக்கூடாது. நாளை விஜயதசமிக்கு எடுத்து முதல் வேலை செய்வார்கள், வருஷம் முழுக்க நல்லபடி நடக்குமாம். போன வருஷம் முதல் வேலையாக ஒரு கல்யாண மண்டபத்து பிளானில் அவர் சீல் குத்தினார்.

வருஷத்தில் அது டிராயருக்கு வெளியே என் கண் முன்னால் இருக்கிற நாள் இது ஒன்றுதான். ரப்பரில் என் பெயர் தலைகீழாக. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசணி உடைத்தார்கள். பொரி நமுத்துவிட்டது.

அக். 12, சனி

விஜயதசமி. வெயில்.

எட்டு மணிக்கே ஆபீஸ் போனேன். கு. அண்ணன் கோயிலில். சாவி என்னிடமும் ஒன்று இருக்கிறது. விளக்கு ஏற்றிக் கும்பிட்டேன், சும்மா எடுக்க மனம் வரவில்லை. சீலை எடுத்தேன்.

கடிதம் நேற்றே வீட்டில் எழுதிவிட்டேன். உப்பளத்து வீட்டின் மேற்பார்வைப் பொறுப்பில் இருந்து விலகுகிறேன். அனுமதித்ததற்கு மேல் ஒரு மாடி கட்டப்படுகிறது. மண் பரிசோதனை செய்யாமல் வேறு இடத்து எண்ணைப் போட்டது என் தவறு. மேலே வேலை நடந்தால் ஆபத்து. ஒரு பக்கம்கூட வரவில்லை.

கையெழுத்து. அதன்மேல் சீல். நானே குத்தினேன். அழுத்தம் போதாமல் முதல் தடவை பாதிதான் விழுந்தது, பழக்கமில்லை. ஓரத்தில் சந்தனக் கறை. இந்த வருஷத்துக்கு இதுதான் முதல் வேலை.

கடிதத்தைக் கொடுக்க கவர்ன்மெண்ட் ஆபீஸ் திங்கள்தான் திறக்கும். அதற்குமுன் பெரியவரிடம் சொல்லணும். உப்பளம் போனேன்.

தெய்வசிகாமணி ஐயா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "என்னாம்மா, மறுபடியும் கையெழுத்தா?"

"இல்லங்கய்யா. பிளான்ல கையெழுத்துப் போட்ட எஞ்சினியர் நான்தான்."

ஏற இறங்கப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் எண் தப்பு என்பதையும் சொன்னேன். பேப்பரை மடித்துக்கொண்டே கேட்டார்.

"கையெழுத்துப் போடறப்ப வராதவ, இப்ப எதுக்கும்மா வந்தே?"

 தெரிந்ததை மட்டும் சொன்னேன். "உங்க பாத்ரூம் கதவு மாட்டுதுங்கய்யா. அது பி.வி.சி. கதவு. மழைக்கு ஊதாது."

எழுந்து உள்ளே போனார். கதவைச் சாத்தும் சத்தம், காலால் தட்டும் சத்தம். திரும்பச் சாத்தினார், திரும்பத் தட்டினார். வெளியே வந்து சின்ன மகனைக் கூப்பிட்டு, "மண்வெட்டி எடுத்தா" என்றார்.

பாத்ரூம் பக்கத்துத் தூணை ஒட்டித் தோண்டினான். மூன்று அடியில் தண்ணீர் ஊறியது. நாலு அடியில் இருக்கும் என் அஸ்திவாரம் அந்தத் தண்ணீருக்குள். குழியின் மணல் பொலபொலவென்று சரிந்தது. கோரிமேட்டில் கடப்பாரை இறங்காது.

எல்லோரும் குழியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மருமகள் அழுதாள். மாப்பிள்ளைப் பையன் மண்வெட்டியைக் கீழே வைக்காமலே நின்றான்.

"மேல கட்டுனத எடுத்தா கீழ நிக்குமா?" என்று கேட்டார் ஐயா.

"மண் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்லணும். ஆனா எடுத்துட்டா பாரம் குறையும். அது நிச்சயம்."

"நீ சொல்லு, நான் மேஸ்திரிகிட்ட சொல்றேன்" என்றார். மன்னித்ததாகத் தெரியவில்லை. மோரும் கொடுக்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து டிக்கெட்டுக்குச் சில்லறையை மூன்று தடவை எண்ணினேன், மூன்று விதமாக வந்தது. பையை மடியில் வைத்து அமுக்கிக்கொண்டேன். பயம்தான். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. 

அக். 14, திங்கள்

தூறல்.

பிளானுக்கு அனுமதி தரும் கவர்ன்மெண்ட் ஆபீஸின் தபால் பிரிவில் ஒரே கூட்டம். ஜன்னலில் இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "இதெல்லாம் எஞ்சினியரே வந்து குடுக்கணும்மா, அவர வரச் சொல்லுங்க" என்றார்.

"நான்தான்."

கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க மேலயே நீங்க எழுதிக் குடுக்கறீங்களா?"

"ஆமா சார்."

"லைசென்ஸ் போனாலும் போயிரும்."

"தெரியும் சார்."

அவருடைய சீலை எடுத்துக் குத்தி, நகலை என்னிடம் நீட்டினார். பெற்றுக்கொள்ளப்பட்டது. சுத்தமாக விழுந்திருந்தது, பழகிய கை.

வெளியே வந்து டீ குடித்தேன். பிஸ்கட் ஒன்று. தெய்வசிகாமணி ஐயா போன்: "சென்ட்ரிங்க பிரிக்கச் சொல்லிட்டேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

அடுத்தது கு. அண்ணன்.

"எங்கம்மா இருக்க? நாலு பிளான் நிக்குது. மேஜையிலயும் இல்ல, டிராயர்லயும் சீலக் காணோம்."

"என் பையில இருக்குண்ணா. அந்த நாலு வீடும் எங்கன்னு சொல்லுங்க, போய்ப் பாத்துட்டு வரேன்."