நீங்கள் சொன்ன கன்னடக் கதை

அக்கா,

போன வாரம் நூலக வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பசை வாசனை இன்னும் போகவில்லை. ‘கன்னடக் கதைப்பாட்டு. சனி மாலை ஐந்து மணி. அனைவரும் வருக. அனுமதி இலவசம்.’ உங்கள் நினைவு வராமல் இருக்குமா? தருமபுரியில் இவ்வளவு பெரிய நூலகத்தில் பாட்டும் கூத்தும் சும்மாவே காட்டுகிறார்கள் என்பதை நீங்கள் கடைசிவரை நம்பவேயில்லை. ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று, “சார், நெசமாலுமே ஒண்ணும் குடுக்க வேண்டாமுங்களா?” என்று நூலகரைக் கேட்பீர்கள். அவரும் சலிக்காமல், “உள்ள போய் உக்காருங்கம்மா” என்பார். அதைக் கேட்காமல் உள்ளே போனால் உங்களுக்கு நிகழ்ச்சியே ருசிக்காது.

என்னை முதன்முதலில் அங்கே இழுத்துப் போனது நீங்கள்தான். லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூரு போன என் வீட்டுக்காரர் வழியில் விபத்தில் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சமைப்பேன், சாப்பிட மாட்டேன். படுப்பேன், தூங்க மாட்டேன். அவர் உடம்பைக் கண்ணால் பார்த்த பிறகும் ஹாரன் சத்தம் கேட்டால் கதவைத் திறப்பேன். நல்லம்பள்ளியில் பக்கத்து வீட்டிலிருந்து இதையெல்லாம் நீங்கள் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். ஒரு சனிக்கிழமை வந்து, “எழுந்திரு கண்ணு. எங்க பாஷைக்காரங்க பாட வராங்களாம். எனக்குத் துணைக்கு ஆளு வேணும்” என்றீர்கள். மைசூர் வரைக்கும் தனியாகப் போய்வருகிற உங்களுக்குத் துணையாம்! தெரிந்தேதான் கிளம்பினேன்.

கர்நாடகா பக்கத்திலிருந்து வந்த மூன்று பேர். ஒருவர் பாட, ஒருவர் தாளம் போட, ஒருவர் பறை மாதிரி ஒன்றைத் தட்டினார். அப்போது எனக்குக் கன்னடத்தில், சாப்பிட்டாச்சா என்று கேட்கிற ‘ஊட்டா ஆய்த்தா’ தவிர ஒன்றும் தெரியாது. நீங்கள் என் காதோரம் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தீர்கள். உங்கள் ரகசியக் குரல்தான் ஊருக்கே தெரியுமே! முன் வரிசையும் பின் வரிசையும் உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டன. வண்டி கட்டிக்கொண்டு தூரதேசம் போன வியாபாரி, வீட்டில் காத்திருக்கும் மனைவி, அதுதான் கதை. இது தெரிந்திருந்தால் என்னைக் கூட்டிப் போயிருக்கவே மாட்டீர்கள். பாதியில் உங்கள் குரல் நின்றது. என் முகத்தைப் பார்த்தீர்கள். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தீர்கள்.

“ஆத்துல வெள்ளமாம். வண்டிய அந்தக் கரையிலயே விட்டுட்டானாம். வந்துட்டான் கண்ணு. நனைஞ்சுபோய் வாசல்ல வந்து நிக்கறான்.”

நான் அழுத அழுகை! யாரோ ஒருத்தியின் புருஷனாவது வீடு வந்து சேர்ந்தானே என்று அப்படி ஒரு நிம்மதி. மேடையில் பாட்டு இழுத்து இழுத்துப் போனது. சந்தோஷத்தை அவர்கள் ஊரில் இப்படித்தான் பாடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர், “ஏம்மா, அவங்க பாடறது…” என்று வாயெடுத்தார். நீங்கள் திரும்பி, “உங்களுக்குத் தெரிஞ்சா உங்க வூட்டுக்காரம்மாவுக்குச் சொல்லுங்க. இவளுக்கு நான் சொல்லிக்கறேன்” என்று எரிந்து விழுந்தீர்கள். எனக்கு மானம் போயிற்று. பஸ்ஸில் வரும்போது, “வயசானவருகிட்ட அப்படியாக்கா பேசுவீங்க?” என்று சண்டை போட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். விடியும்வரை தூங்கினேன்.

அதன்பிறகு நூலகத்தில் எந்த நிகழ்ச்சியையும் நாம் விடவில்லை. பொம்மலாட்டம் பார்த்தோம், பட்டிமன்றத்தில் நீங்கள் இரண்டு கட்சிக்கும் கைதட்டினீர்கள். நீங்கள் பால்காரரைத் திட்டுவதைக் கேட்டுக் கேட்டே எனக்குக் கன்னடமும் வந்துவிட்டது.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நேற்று தனியாகத்தான் போனேன். அதே மூன்று பேர், அதே கதை. இந்தத் தடவை எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. வியாபாரி வரவில்லை அக்கா. வண்டிச் சக்கரம் மட்டும் கரை ஒதுங்குகிறது. ஒரு நிமிஷம் உங்கள்மேல் கோபம்கூட வந்தது, இத்தனை வருஷம் சொல்லாமலே போய்விட்டீர்களே என்று. பிறகு நினைத்துப் பார்த்தேன். காதால் ஒன்றைக் கேட்டுக்கொண்டே வாயால் வேறொன்றைக் கட்டிச் சொல்ல அன்றைக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பீர்கள்! அதற்குமேல் நான் போட்ட சண்டை வேறு. மன்னித்துவிடுங்கள் அக்கா.

பக்கத்தில் இண்டூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்ணுக்குக் கன்னடம் தெரியாது. என்னிடம் கேட்டுக் கேட்டுத்தான் கதையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “இப்ப என்னங்க பாடறாங்க?” என்றாள்.

“அவன் வரலைங்க. வெள்ளத்துல போயிட்டான்” என்று உள்ளபடியே சொன்னேன். என்னால் சொல்ல முடிந்தது.

“ஐயோ. அப்புறம் அந்தப் பொம்பள என்ன ஆனாங்க?”

பாட்டு முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று ஒரு வரிகூட அவர்கள் பாடவில்லை. பாடியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அவங்களுக்குப் பக்கத்து வூட்டுல ஒரு அக்கா இருந்தாங்க. அந்தக்கா பாத்துக்கிட்டாங்க” என்றேன்.

“அப்படியும் பாடினாங்களா?”

“ஆமாங்க. பாடினாங்க.”